காலையின் முதல் பத்து நொடி: பழைய காரின் சத்தமும் இன்ஜின் ஆயிலும்

கேள்வியைச் சுருக்கி ஒருமுறை சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். 1998-ஆம் ஆண்டு மாருதி 800, கார்ப்பரேட்டர் வண்டி, 1,30,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மதுரையில் இருந்தவரை குறை எதுவும் இல்லை. வேலை மாற்றலில் கோத்தகிரிக்கு வந்த பிறகு, காலையில் சாவியைத் திருப்பியதும் பானெட்டுக்கு அடியில் 'டக டக' என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடுகிறது. பார்த்த மெக்கானிக் "இன்ஜின் வேலை வந்துவிட்டது" என்கிறார். நண்பரோ "அதெல்லாம் வேண்டாம், கெட்டியாக 20டபிள்யூ-50 ஊற்று, சத்தம் போய்விடும்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

இப்போதைக்கு இரண்டு பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம். நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது "கொஞ்ச நேரத்தில்" என்ற ஒரே சொல்தான். அது மூன்று நொடியா, முப்பது நொடியா, மூன்று நிமிடமா? பழைய வண்டியின் காலைச் சத்தத்துக்குக் காரணம் தேடுவதில் பாதி வேலையைக் கைக்கடிகாரம் செய்துவிடும். சத்தம் எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பதைவிட எவ்வளவு நேரம் நீடிக்கிறது, சூடேற ஏறக் குறைகிறதா கூடுகிறதா என்பதுதான் நோயைச் சொல்லும். ஆயிலை மாற்றுவது அதற்குப் பிறகு யோசிக்க வேண்டிய காரியம்.

முதலில் ஆயிலைப் பற்றி ஒரு பொதுவான தப்பெண்ணம். டப்பாவில் 20டபிள்யூ-50 என்று போட்டிருக்கிறதே, அதில் டபிள்யூ என்பது ஆங்கிலத்தில் குளிர்காலத்தைக் குறிக்கும் சொல்லின் முதல் எழுத்து. அதற்கு முன்னால் இருக்கும் எண், கடுங்குளிரில் ஆயில் எவ்வளவு இளக்கமாக இருக்கும் என்பதைச் சொல்கிறது. பின்னால் இருக்கும் எண், இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, அதாவது 100 டிகிரியில், எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதைச் சொல்கிறது. 20டபிள்யூ என்றால் மைனஸ் 15 டிகிரியில் ஸ்டார்ட்டர் சுழற்ற முடிகிற அளவுக்கும், மைனஸ் 20-இல் பம்ப் உறிஞ்ச முடிகிற அளவுக்கும் ஆயில் இளகியிருக்க வேண்டும். 15டபிள்யூ என்றால் இரண்டிலும் இன்னொரு ஐந்து டிகிரி கீழே. 10டபிள்யூ அதற்கும் ஐந்து கீழே. இதைப் படித்துவிட்டு, "நம் ஊரில் ஏது மைனஸ்? அப்படியானால் முன்னால் இருக்கும் எண் நமக்குத் தேவையே இல்லை" என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். வண்டி ஸ்டார்ட் ஆகுமா என்பது மட்டுமே கவலை என்றால் அது சரிதான். நீலகிரியில் விடியற்காலையில் புல்மேல் உறைபனி படிந்தாலும் 20டபிள்யூ-50 ஊற்றிய வண்டி ஸ்டார்ட் ஆகத்தான் செய்யும்.

ஆனால் இன்ஜினுக்குக் குளிர் என்பது வேறு கணக்கு. வழக்கமான ஒரு 20டபிள்யூ-50 ஆயிலின் பாகுத்தன்மை 100 டிகிரியில் சுமார் 18 சென்டிஸ்டோக் (பாகுத்தன்மையின் அலகு அது; எண் கூடக் கூட ஆயில் கெட்டி). அதே ஆயில் மதுரையின் 25 டிகிரி விடியலிலேயே 400-ஐ நெருங்கிவிடும், ஏறத்தாழ இருபது மடங்கு. கோத்தகிரியில் மார்கழிக் காலையில் 10 டிகிரி என்று வைத்துக்கொண்டால் ஆயிரத்தைத் தாண்டும். அதே 10 டிகிரியில் 15டபிள்யூ-40 அறுநூறைச் சுற்றி இருக்கும், 10டபிள்யூ-30 முந்நூற்று ஐம்பதுக்குள். டப்பாவுக்கு டப்பா கொஞ்சம் மாறும் என்றாலும் விகிதம் இப்படித்தான். ஆக, மதுரைக் காலை நமக்குத்தான் இதமான காலை. நூறு டிகிரியில் வேலை செய்யப் பழகிய ஆயிலுக்கு அதுவும் குளிர்தான். மலைக்கு வந்ததும் சத்தம் புதிதாக முளைத்திருக்க வாய்ப்பு குறைவு. கீழே ஒரு நொடியில் முடிந்துகொண்டிருந்தது மேலே நீண்டு, காதில் விழத் தொடங்கியிருக்கலாம்.

நண்பரின் வைத்தியத்துக்கு வருகிறேன். கெட்டி ஆயில் ஊற்றினால் சத்தம் குறையும் என்பது பொய்யல்ல. தேய்ந்த பேரிங்கில் (சுழலும் தண்டைத் தாங்கும் உலோகப் பகுதி) இருக்கும் இடைவெளியைக் கெட்டியான ஆயில் மெத்தைபோல் நிரப்பிக்கொள்ளும். பழைய கார் விற்பவர்களில் சிலர் வாங்குபவர் வரும் நாளில் இதைத்தான் செய்கிறார்கள். கூடவே ஆயிலைக் கெட்டியாக்கும் திரவம் ஒரு பாட்டிலும் உள்ளே போயிருக்கும். (பழைய கார் பார்க்கப் போனால் முதலில் பானெட்மேல் கையை வைத்துப் பாருங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே இன்ஜினைச் சூடாக்கி வைத்திருந்தால், மறுநாள் விடியற்காலையில் சொல்லாமல் போய் நில்லுங்கள்.) ஆனால் அந்த மெத்தை இன்ஜின் சூடான பிறகு கேட்கும் சத்தத்துக்குத்தான் உதவும். உங்கள் பிரச்சினையோ குளிர்ந்த நிலையில் வருகிறது. அங்கே கெட்டி ஆயில் நிலைமையை மோசமாக்கத்தான் செய்யும்.

ஏன் என்று கேட்டால், இரவு முழுக்க நின்ற வண்டியில் ஆயிலெல்லாம் கீழே சம்ப்புக்கு, அதாவது இன்ஜினின் அடித்தொட்டிக்கு, வடிந்திருக்கும். சாவி திருப்பியதும் பம்ப் அதை உறிஞ்சி, ஃபில்டர் வழியாகத் தள்ளி, கிராங்க் பேரிங்குகளுக்கும் அங்கிருந்து மேலே, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டுக்கும் கொண்டு சேர்க்க வேண்டும். தேன்போலக் கெட்டித்த ஆயில் மெதுவாகத்தான் ஏறும். அழுத்தம் மட்டும் உடனே எகிறிவிடும். அழுத்தம் எகிறினால் நல்லதுதானே என்று தோன்றும். அங்கேதான் ஏமாற்று. அழுத்தம் ஓர் அளவைத் தாண்டியதும் பம்ப்பில் உள்ள நிவாரண வால்வு திறந்து, வந்த ஆயிலில் ஒரு பகுதியைத் திரும்பச் சம்ப்புக்கே அனுப்பிவிடும். ஃபில்டரிலும் ஒரு மாற்றுப்பாதை வால்வு உண்டு. கெட்டி ஆயில் தாளைத் தாண்ட முடியாமல் நெருக்கும்போது அது திறந்துகொள்ள, வடிகட்டாத ஆயில் நேராகப் பேரிங்குக்குப் போகும். கேஜில் முள் உச்சத்தில் நிற்கும், கேம் ஷாஃப்ட்டோ இன்னும் ஆயிலுக்காகக் காத்துக்கொண்டிருக்கும். தேய்மானம் அதிகம் நடப்பது இந்த நேரத்தில்தான்.

சரி, கடிகாரத்தை எடுப்போம். இன்று இரவு வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். காலையில் உதவிக்கு ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லிவிட்டு, பானெட்டைத் திறந்து நீங்கள் முன்னால் நில்லுங்கள். டேஷ்போர்டில் ஆயில் விளக்கு அணைந்ததும் அவரைக் குரல் கொடுக்கச் சொல்லி, அந்த நேரத்தையும் சத்தம் நிற்கும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கக் கூடாது. குளிரில் ஸ்டார்ட் செய்தவுடன் உறுமவிடும் பழக்கம் நம் ஊரில் பலருக்கு இருக்கிறது, வறண்டு கிடக்கும் பேரிங்குக்கு அதைவிடக் கேடு வேறில்லை.

ஆயில் விளக்கு அணைந்த ஓரிரு நொடியில் சத்தமும் அடங்கினால், ஆயில் மேலே வந்துசேரத் தாமதமாகிறது என்று பொருள். இதற்கு ஃபில்டரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஆயில் ஃபில்டரின் வாய்ப்பகுதியில், சுற்றியுள்ள சின்னத் துளைகளுக்குப் பின்னால், வட்டமாக ஒரு ரப்பர் சவ்வு இருக்கும். இன்ஜின் நின்ற பிறகு ஆயில் பின்னோக்கி வடிந்துவிடாமல் தடுப்பதுதான் அதன் வேலை. புது ஃபில்டரில் துளை வழியாக ஒரு குச்சியால் மெல்லத் தொட்டுப் பார்த்தால் மெதுவாக விலகி மூடிக்கொள்ளும். சாதாரண நைட்ரைல் ரப்பர் சூட்டில் வெந்து வெந்து சில ஆயிரம் கிலோமீட்டரில் அப்பளம்போல் விறைத்துவிடும். சிலிக்கோன் ரப்பர் கூடுதல் காலம் இளக்கமாக இருக்கும். போலி ஃபில்டர்கள் சிலவற்றில் அந்தச் சவ்வு பேருக்குத்தான் இருக்கும். ஆயிலுக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு ஃபில்டரில் ஐம்பது ரூபாய் மிச்சம் பிடிப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நல்ல ஃபில்டர் ஒன்றை மாற்றிய மறுநாள் காலையிலேயே சத்தம் காணாமல் போன வண்டிகளையும் பார்த்திருக்கிறேன்.

விளக்கு அணைவதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அந்த விளக்கை இயக்கும் சுவிட்ச் மிகக் குறைந்த அழுத்தத்திலேயே, அரை பார் அளவுக்குள்ளாகவே, அணைத்துவிடும். ஆகவே விளக்கு அணைந்தால் ஆயில் வரத் தொடங்கிவிட்டது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், போதுமான அளவு வருகிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சந்தேகம் இருந்தால் சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் அழுத்தமானியை மாட்டி அளக்கச் சொல்லுங்கள். இன்ஜின் நன்றாகச் சூடான நிலையில், நிமிடத்துக்கு ஒவ்வோர் ஆயிரம் சுற்றுக்கும் பத்து பிஎஸ்ஐ என்பது மெக்கானிக்குகள் கைக்கணக்காக வைத்திருக்கும் அளவு. இந்த ஒரு அளவை எடுக்காமல் "இன்ஜின் வேலை" என்று சொல்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். கால் மணி நேர வேலை அது.

சத்தம் ஒன்றிரண்டு நிமிடமோ ஐந்து நிமிடமோ நீடித்து, டெம்பரேச்சர் முள் எழ எழக் கரைந்துபோனால் இரண்டு பேர்மேல் சந்தேகம். ஒருவர் பிஸ்டன், இன்னொருவர் புகைபோக்கி மேனிஃபோல்டு, அதாவது சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் வார்ப்பிரும்புக் குழாய்.

பிஸ்டன் அலுமினியத்தால் ஆனது. சூட்டில் அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். ஆகவே குளிரில் பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே இடைவெளி சற்று அதிகமாகவே இருக்கும். தேய்ந்த இன்ஜினில் இன்னும் அதிகம். பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது பக்கவாட்டில் ஆடி சுவரில் மோதும். அந்தச் சத்தம் உள்ளீடற்றது, மரக்கதவை விரல் மூட்டால் தட்டுவது போன்ற 'டொக் டொக்'. சூடேறியதும் பிஸ்டன் விரிந்து இடைவெளியை அடைத்துக்கொள்ள, சத்தம் நின்றுவிடும். பழைய இன்ஜினில் இது அவ்வளவு கவலைக்குரியதல்ல. ஆயிலை அதிகம் குடிக்காமல், நீலப்புகை விடாமல் ஓடினால், இப்படித் தட்டிக்கொண்டே பல ஆண்டுகள் ஓடும். இதற்காகச் சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கிப் பிஸ்டன் மாற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எந்தச் சிலிண்டர் என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. இன்ஜின் அணைந்திருக்கும்போதே ஒரு பிளக் வயரைக் கழற்றி, அதில் பழைய பிளக் ஒன்றைச் செருகி, அது இன்ஜினின் உலோகத்தில் படும்படி வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். அந்தச் சிலிண்டரில் எரிதல் இல்லாததால் பிஸ்டனைச் சுவரில் தள்ளும் விசை குறையும். சத்தம் எங்கிருந்து வந்ததோ அந்தச் சிலிண்டரின் முறை வரும்போது சட்டென்று தணியும். மூன்று சிலிண்டர் இன்ஜின், இரண்டில் மட்டும் ஓடும்போது வண்டியே குலுங்கும், பயப்பட வேண்டாம். குளிர்ந்த இன்ஜினில்தான் இந்தச் சோதனை செல்லும் என்பதால் ஒரு காலைக்கு ஒரு சிலிண்டர்தான் பார்க்க முடியும். மூன்று நாள் பொறுமை வேண்டும். உங்கள் வண்டியில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (புகையைச் சுத்தப்படுத்தும் கருவி) இருந்தால் அரை நிமிடத்துக்குமேல் ஓடவிடாதீர்கள், எரியாத பெட்ரோல் அதற்குள் போய் எரிந்து அதைப் பாழாக்கும்.

மேனிஃபோல்டு கதை வேறு. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் நானே ஏமாந்த இடம் இது. என்னிடமும் ஒரு 800 இருந்தது. காலையில் தெளிவான 'டிக் டிக் டிக்'. டேப்பட் (வால்வைத் தள்ளித் திறக்கும் பகுதி) என்று நானே முடிவு செய்து டேப்பட்டைச் சரிசெய்யச் சொன்னேன், போகவில்லை. ஒரு பட்டறையில் கேம் ஷாஃப்ட் தேய்ந்துவிட்டது, ஹெட்டை, அதாவது இன்ஜினின் மேல்பாகத்தை, இறக்க வேண்டும் என்றார்கள். முன்பணம் கொடுக்கப் போகும் வேளையில், வேறு வேலையாக வந்திருந்த முதிய மெக்கானிக் ஒருவர் டார்ச்சைக் குனித்துப் பிடித்து, மேனிஃபோல்டு ஹெட்டோடு சேரும் விளிம்பைக் காட்டினார். குழந்தையின் கன்னத்தில் கண்மை கரைந்து வழிந்ததுபோல ஒரு கரிக்கோடு. ஒரு நட் கழன்று விழுந்திருந்தது, பக்கத்து நட் விரலால் திருகும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. ஒவ்வொரு முறையும் வால்வு திறக்கும்போது புகை அந்த இடுக்கு வழியாகப் பீறிட்டதுதான் அந்த 'டிக்'. வார்ப்பிரும்பு சூடேறி விரிந்ததும் இடுக்கு மூடிக்கொள்ளும், சத்தம் நிற்கும். ஒரு கேஸ்கெட், இரண்டு நட், ஒரு மணி நேரம். கேம் ஷாஃப்ட் கடைசிவரை அதேதான்.

நீங்களும் இதைப் பாருங்கள். வண்டி குளிர்ந்திருக்கும்போது, செய்தித்தாளிலிருந்து ஒரு விரல் அகல நாடாவைக் கிழித்து, ஸ்டார்ட் செய்த முதல் நிமிடத்தில் மேனிஃபோல்டின் விளிம்பை ஒட்டிப் பிடித்து நகர்த்துங்கள். கசிவு இருக்கும் இடத்தில் தாள் படபடக்கும். ஒரு நிமிடத்துக்குமேல் வேண்டாம், இரும்பு வேகமாகச் சூடேறும். ஃபேன் பெல்ட் பக்கம் கை போகக் கூடாது, வேட்டி, துப்பட்டா, தொங்கும் அடையாள அட்டை எதுவும் வேண்டாம்.

டேப்பட் சத்தம் இவற்றிலிருந்து எப்படி வேறுபடுகிறது? தையல் இயந்திரம் ஓடுவது போன்ற, மெல்லிய, சீரான, உலோகச் சத்தம் அது. இன்ஜினின் மேல் மூடிக்குக் கீழிருந்து வரும். நீளமான திருப்புளி ஒன்றின் முனையை மூடியின்மேல் ஊன்றி, பிடியைக் காதெலும்பில் அழுத்திக் கேட்டால் மருத்துவரின் ஸ்டெதஸ்கோப் தோற்றுவிடும். உங்கள் 796 சிசி இன்ஜினில் டேப்பட் இடைவெளி திருகால் சரிசெய்வது. குளிர்ந்த நிலையில் 0.15 மில்லிமீட்டரை ஒட்டியும், சூட்டில் 0.25-ஐ ஒட்டியும் இருக்க வேண்டும். இந்த இரண்டு எண்களைக் கவனியுங்கள்: ஹெட் அலுமினியம் என்பதால் சூடேறினால் இடைவெளி கூடுகிறது. ஆகவே இந்த இன்ஜினில் உண்மையான டேப்பட் சத்தம், சூடான பிறகும் போகாது. மூன்று நிமிடத்தில் போய்விடும் சத்தத்துக்கு டேப்பட்டைக் குறை சொன்னால் அது எனக்குக் கிடைத்த அதே தவறான பதில்தான். ஒருவேளை சரிசெய்ய நேர்ந்தால், சத்தமே வராதபடி இறுக்கச் சொல்லாதீர்கள். இறுகிய டேப்பட்டில் வால்வு முழுதாக மூடாமல், தான் பொருந்தி அமரும் விளிம்பில் சூட்டை இறக்கிவைக்க முடியாமல் கருகிப்போகும். லேசாகச் சத்தமிடும் டேப்பட் ஆரோக்கியமானது.

ஃபோர்டு ஐகான் 1.6, ஓப்பல் கோர்சா போன்ற வண்டிகளை வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது. அவற்றில் ஆயில் அழுத்தத்தால் தானே இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் லிஃப்டர்கள். பல நாள் நிறுத்திவைத்த வண்டியில் அவை சில நொடி தட்டினால் இயல்பு. பல நிமிடம் தட்டினால் உள்ளே பிசின் படிந்திருக்கிறது. நல்ல ஆயிலை ஊற்றி 1,500 கிலோமீட்டரில் ஒருமுறை, பிறகு இன்னொருமுறை என்று சீக்கிரமாக இரண்டு தடவை மாற்றினாலே பெரும்பாலும் தெளிந்துவிடும். பத்து நிமிடத்தில் கழுவித்தள்ளும் ஃப்ளஷ் திரவத்தைப் பழைய இன்ஜினில் ஊற்ற எனக்கு மனம் வராது. பல ஆண்டுப் படிவம் கட்டியாகப் பெயர்ந்து, சம்ப்பில் இருக்கும் உறிஞ்சுவலையை அடைத்தால், இருந்த சத்தத்துக்காக இன்ஜினையே விலையாகக் கொடுத்ததாகிவிடும்.

இனி, கடிகாரம் எதிர்த்திசையில் ஓடும் ஒரு சத்தம். காலையில் அமைதியாக இருந்து, இன்ஜின் சூடேறி ஆயில் இளகியதும் தொடங்கும் ஆழமான, கனத்த 'தட் தட்'. ஏற்றத்தில் சுமையோடு ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது கூடும். ஆயில் விளக்கு ஐட்லிங்கில் மினுக்கும். இது பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்ட்டோடு இணைக்கும் தண்டின், அதாவது கனெக்டிங் ராடின், பேரிங். இதைக் கேட்டால் ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போகாதீர்கள், இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். பேரிங்கோடு நின்றால் சம்ப்பைக் கழற்றிப் பார்க்கும் வேலை, ராடு உடைந்து பிளாக்கைத் துளைத்தால் வண்டி எடைக்குப் போகும். நீங்கள் எழுதியது இதன் நேர்எதிர் என்பதால்தான் மெக்கானிக் சொன்ன "இன்ஜின் வேலை"யை நான் நம்பவில்லை.

ஆயிலோடு தொடர்பே இல்லாத சத்தங்களையும் கழித்துவிட வேண்டும். கீச்சென்று கத்தினால் ஃபேன் பெல்ட். ஈரக்காற்றுள்ள மலைக்காலையில் சகஜம். பெல்ட்மேல் ஓரிரு சொட்டுத் தண்ணீர் விட்டால் ஒரு கணம் சத்தம் மாறும், அது போதும் அடையாளத்துக்கு. கிளட்சை மிதித்தால் மறையும் உறுமல் கியர்பாக்ஸ் பேரிங். மிதித்தால் தோன்றும் உறுமல் கிளட்ச் ரிலீஸ் பேரிங். கார்ப்பரேட்டர் 800-இல் பெட்ரோல் பம்ப்பே கேம் ஷாஃப்ட்டால் அசைக்கப்படுவது, அதற்கும் ஒரு 'டிக்' உண்டு. திருப்புளியை அதன்மேல் வைத்தால் தெரிந்துவிடும். சோக் போட்டு ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் வேகமாகச் சுற்றுவதால் எல்லாச் சத்தமும் பெரிதாகத்தான் கேட்கும், அதையும் கணக்கில் வையுங்கள். டீசல் வண்டிக்காரர்கள் காலையில் கேட்கும் கடகடப்பில் பெரும்பங்கு எரிதலின் சத்தமே. அது நீண்டு, வெள்ளைப்புகையும் வந்தால், குளிரில் சிலிண்டரைச் சூடாக்கித் தரும் குளோ பிளக்கைப் பாருங்கள்.

இன்னும் ஒன்று, மலையில் இருப்பவர்களுக்கே உரியது: டிப்ஸ்டிக், அதாவது ஆயில் அளவு பார்க்கும் கம்பி. கோத்தகிரியில் சமமான இடம் கிடைப்பது அரிது என்று எனக்குத் தெரியும். சரிவில் நிற்கும் வண்டியில் டிப்ஸ்டிக் பொய் சொல்லும். ஆயில் சம்ப்பின் ஒரு மூலைக்கு ஒதுங்கி, குறைவாகவோ கூடுதலாகவோ காட்டும். குறைவாகக் காட்டுகிறது என்று நம்பி மேலும் ஊற்றிவிட்டால் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலில் முங்கி அடித்து நுரைக்க வைக்கும். நுரைத்த ஆயில் பேரிங்கில் நிற்காது, அதுவே சத்தத்துக்குக் காரணமாகலாம். பெட்ரோல் பங்கின் தளம் பெரும்பாலும் சமமாக இருக்கும். பெட்ரோல் போட்டு, ஓரமாக ஒதுக்கி, பத்து நிமிடம் கழித்து அங்கே பாருங்கள். ஆயில் ஊற்றும் மூடிக்கு அடியில் மோர்போல வெள்ளையாகப் படிந்திருந்தால் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று உடனே பதற வேண்டாம். தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓட்டி அணைக்கும் வண்டியில், குளிர்ப் பிரதேசத்தில், உள்ளே ஈரம் ஆவியாகி வெளியேற நேரம் கிடைக்காது. வாரம் ஒருமுறை குன்னூர்வரை போய்வாருங்கள், மறைந்துவிடும். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தால் மட்டும் கவலைப்படலாம்.

இப்போது கடைக்குப் போகலாம். உங்கள் வண்டிக்கு என் தேர்வு 10டபிள்யூ-40, பகுதி சிந்தெடிக் (செயற்கை ஆயில் கலந்தது). அது கிடைக்காவிட்டால் 15டபிள்யூ-40. ஏன் 10டபிள்யூ-30 இல்லை? புது இன்ஜினாக இருந்தால் கோத்தகிரிக்கு அதுவே போதும். ஆனால் 1,30,000 ஓடிய இன்ஜின். சித்திரையில் மதுரைக்கு இறங்கி, நான்கு பேரோடு, ஏசி போட்டு ஓட்டுவீர்கள். சூட்டில் நாற்பது நிற்பது நல்லது. காலைக்கு முன் எண், பயணத்துக்குப் பின் எண் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நண்பர் ஐம்பதை விடமாட்டேன் என்றால், மதுரையிலேயே நிற்கும், சூட்டில் அழுத்தம் குறைந்த வண்டிக்கு 20டபிள்யூ-50 நியாயமானது என்று அவரிடம் சொல்லுங்கள், அவரும் சமாதானமாவார்.

டப்பாவில் ஏபிஐ (ஆயிலின் தரத்தை வகுக்கும் அமெரிக்க அமைப்பு) என்று போட்டு எஸ்-இல் தொடங்கும் இரண்டெழுத்து இருக்கும். எஸ் என்றால் பெட்ரோல் வண்டிக்கு, சி என்றால் டீசலுக்கு. இரண்டும் சேர்ந்திருந்தால் இரண்டுக்கும். இரண்டாவது எழுத்து அகரவரிசையில் பின்னால் போகப் போகப் புதியது. உங்கள் வண்டி வந்த காலத்தில் எஸ்ஜே, 2001-இல் எஸ்எல், 2004-இல் எஸ்எம், 2010-இல் எஸ்என், 2020-இல் எஸ்பி. எஸ்எல் முதல் எதுவும் உங்களுக்குத் தகும். பழைய அம்பாசடர்போல, நீண்ட தண்டுகளால் வால்வைத் திறக்கும் தள்ளுதண்டு இன்ஜின் வைத்திருப்பவர்கள் மட்டும் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். புதிய தரங்களில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் காப்பதற்காகத் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மத்தைக் குறைத்துவிட்டார்கள். உரசி ஓடும் கேமுக்கு அதுதான் கவசம். அந்தக் கட்டுப்பாடு பின் எண் முப்பதுவரை உள்ள இளகிய ஆயில்களுக்குத்தான், நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இல்லை. அம்பாசடருக்கு நாற்பதோ ஐம்பதோ ஊற்றுகிறவர்கள் அதனால் தப்பித்துக்கொள்கிறார்கள்.

சிந்தெடிக் ஊற்றினால் பழைய வண்டி ஒழுகும் என்று கடைக்காரர் சொல்லக்கூடும். இன்றைய சிந்தெடிக் ரப்பர் சீல்களைக் கெடுப்பதில்லை. ஆனால் அது உள்ளே படிந்த அழுக்கைக் கரைக்கும், சில இடங்களில் அந்த அழுக்குத்தான் கசிவை அடைத்துக்கொண்டிருந்திருக்கும். ஒழுகினால் சீல் ஏற்கெனவே போய்விட்டது என்று தெரிந்துகொள்ளலாம். என்றாலும் உங்கள் வண்டிக்கு முழு சிந்தெடிக் தேவையில்லை, அந்தப் பணத்தில் சீக்கிரமாக ஒருமுறை கூடுதலாக ஆயில் மாற்றுங்கள். மலைச்சாலை, குறுந்தூரம், குளிர் மூன்றும் சேர்ந்தால் 5,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அது. மூன்று லிட்டர் டப்பா வாங்கினால் முழுவதையும் கண்ணை மூடிக்கொண்டு கொட்ட வேண்டாம். இரண்டரை ஊற்றி, ஸ்டார்ட் செய்து அணைத்து, டிப்ஸ்டிக்கைப் பார்த்துப் பார்த்துச் சேர்க்கச் சொல்லுங்கள். காலி டப்பாவைக் கையோடு வாங்கி, கத்தியால் ஒரு கீறல் கீறிவிட்டுக் குப்பையில் போடுங்கள். கீறல் விழாத காலி டப்பாவுக்குச் சந்தையில் ஒரு தனி வியாபாரம் இருக்கிறது; அதில் அடுத்து என்ன நிரம்பும் என்று யாருக்கும் தெரியாது.

வரிசை இப்படி இருக்கட்டும். இந்த வாரம் மூன்று காலை, நேரத்தைக் குறியுங்கள். அதே நாட்களில் தாள்நாடாவால் மேனிஃபோல்டைப் பாருங்கள், நட்டுகளை ஒருமுறை இறுக்கச் சொல்லுங்கள். சத்தம் விளக்கோடு அணைந்தால் ஃபில்டரையும் ஆயிலையும் சேர்த்து மாற்றுங்கள். நிமிடக்கணக்கில் நீடித்து, மேனிஃபோல்டிலும் கசிவு இல்லை என்றால் பிளக் வயர்ச் சோதனை. அதற்குப் பிறகும் புரியாவிட்டால் அழுத்தமானி. இவற்றில் எதையும் செய்வதற்கு முன் ஹெட்டை இறக்கச் சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். பிறகு, மேனிஃபோல்டைப் பார்க்கும்போதே கேம் ஷாஃப்ட்டைச் சுழற்றும் டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். பழைய வண்டியில் அதற்குப் பெரும்பாலும் யாரிடமும் பதில் இருக்காது, அது அறுவதற்கு முன் எந்தச் சத்தமும் போடாது.